ராஷ்ட்ரபதி விருதுக்கான கணக்கு ஆறாம் வகுப்பிலேயே தொடங்குகிறது

பதினோராம் வகுப்பில் சேர்ந்த பிறகு சாரணர் அறை வாசலில் வந்து நின்று, "ராஷ்ட்ரபதி விருது வாங்க என்ன செய்யணும் சார்?" என்று கேட்கும் பிள்ளைக்கு நல்ல பதில் சொல்ல முடிவதில்லை. திறமை இருக்கும், ஆசை இருக்கும், வீட்டில் ஆதரவும் இருக்கும். மாதங்கள் இருக்காது. பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் சாரணர் பிரிவு 10 வயதில் தொடங்கி 17 வயதோடு முடிகிறது. அதற்குள் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்ட்ரபதி என்று ஆறு நிலைகளைக் கடக்க வேண்டும். சோபானம் என்றால் படிக்கட்டு. பெயருக்கேற்றபடி ஒரு படியையும் தாவ முடியாது.

ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சக் காலம் உண்டு. பிரவேஷுக்கு 3 மாதம், பிரதம சோபானுக்கு 6, துவிதிய சோபானுக்கு 9, திரிதிய சோபானுக்கு 9, ராஜ்ய புரஸ்காருக்கு 9, ராஷ்ட்ரபதிக்கு 12. கூட்டினால் 48 மாதம். ஆறாம் வகுப்பு ஜூலையில் சேர்ந்த பிள்ளைக்கு இது பத்தாம் வகுப்பு ஜூலையில் நிறைகிறது. ஆனால் அது தாளில் வரும் கணக்கு. மேல் இரண்டு படிகளுக்குமான தேர்வு முகாம்கள் நாம் நினைத்த மாதத்தில் நடப்பதில்லை. 9 மாதம் நிறைய இரண்டு வாரம் குறைவாக இருக்கும்போது முகாம் அறிவிப்பு வந்துவிட்டால், அடுத்த முகாம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அப்படி இரண்டு இடத்தில் நழுவினால் விருது பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வோடு மோதும். எட்டாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு எங்கும் நழுவ இடமில்லை. அதன் பிறகு வருகிறவர்களை, மூத்த பிள்ளைகளுக்கான திரிசாரணர் (ரோவர்) பிரிவின் வழியில் போகச் சொல்வதுதான் நேர்மை. அங்கும் ராஷ்ட்ரபதி விருது உண்டு, படிகள் வேறு.

காலம் எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்பதில்தான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. பிள்ளை பாடத்தைக் கற்று முடித்த நாள் கணக்கில் வராது. முந்தைய படியைத் தேறியதாகப் பதிவேட்டில் ஏறிய நாள்தான் கணக்கு. பிரவேஷ் பாடத்தை மூன்று மாதத்தில் முடித்துவிட்டு, உறுதிமொழி எடுத்துச் சின்னம் சூட்டும் நிகழ்ச்சியை ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் கையால் நடத்தலாம் என்று தள்ளிப் போடுவது பல பள்ளிகளில் வழக்கம். அக்டோபரில் உறுதிமொழி எடுத்திருக்க வேண்டிய பிள்ளைகள் பிப்ரவரியில் எடுப்பார்கள். நான்கு மாதம் அங்கேயே போய்விடும். கொடிக்கம்பமும் பள்ளியின் சாரணப் படையும் சாரண ஆசிரியரும் இருந்தால் போதும், காலை வழிபாட்டுக்கு முன் இருபது நிமிடத்தில் சின்னம் சூட்டிவிடலாம். விழா வேண்டுமென்றால் பிறகு தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடலூரில் இருப்பவர்கள் நாட்காட்டியில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பள்ளி விடுமுறை அறிவிப்புகளும் அப்போதுதான் வரும். அந்த மூன்று மாதத்தை முதலுதவிக்கும், வரைபடப் பாடத்துக்கும், குறிப்பேட்டு வேலைக்கும் ஒதுக்கிவிட்டு, கழி கட்டும் வேலை, நடைப்பயணம், திறந்தவெளிச் சமையல் எல்லாவற்றையும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை காலை வேளைகளிலும் வைத்தால் எதுவும் கெடாது. மே வெயிலில் முகாம் வைக்க வேண்டியிருந்தால் பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்துவிடுங்கள்.

காகிதம்

விண்ணப்பம் திரும்பி வருவதற்கான காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒரே மாதிரியானவை. பள்ளிச் சான்றில் முதலெழுத்து பெயருக்கு முன்னால், ஆதாரில் பின்னால், பிரதம சோபான் சான்றில் முதலெழுத்தே இல்லை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு சான்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளபடி பெயரை ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதி, அதையே பார்த்துக் கடைசி வரை எல்லா இடத்திலும் நிரப்புங்கள். ஐந்து ஆண்டுக்குப் பிறகு திருத்தப் போனால் ஒவ்வொரு சான்றையும் கொடுத்த இடத்துக்குத் தனித்தனியாக அலைய வேண்டும்.

அடுத்தது படையின் ஆண்டுப் பதிவு. உறுப்பினர் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்காத ஆண்டில் பிள்ளை எத்தனை முகாம் போயிருந்தாலும் அது கணக்கில் நிற்பது கடினம். அரசுப் பள்ளிகளில் இது பெரும்பாலும் சாரண ஆசிரியர் மாறுதலில் போகும் ஆண்டில் விடுபடும். போகிறவர் பதிவேட்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருப்பார், வருகிறவருக்குச் சாரணப் பயிற்சியே இருக்காது. ஆகவே படைப் பதிவேடு, கட்டண ரசீது, சான்றுகளின் நகல் மூன்றும் தலைமை ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து அணித்தலைவரின் பெற்றோர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

குறிப்பேடு வேறு வகைச் சிக்கல். தேர்வாளர் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். ஒரே பேனாவில், ஒரே மையில், ஒரே சாய்வில் நான்கு ஆண்டு விவரமும் எழுதப்பட்டிருந்தால் அது முகாமுக்கு முந்தைய வாரம் எழுதியது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். பிரவேஷ் காலத்தில் ஒரு மாதம் நாள்தோறும் செய்த நற்செயலைக் குறித்து வைக்கச் சொல்கிறோம். "முதியவருக்குச் சாலையைக் கடக்க உதவினேன்" என்று முப்பது நாளும் எழுதுகிறார்கள். "பாட்டிக்கு மாத்திரை டப்பாவில் காலை, இரவு என்று பிரித்து வைத்தேன்" என்று ஒரே ஒரு வரி உண்மையாக எழுதியிருந்தால் அதற்கு எடை அதிகம். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும். நாள், நேரம், இடம், யாரோடு, எது சரியாக வரவில்லை, இந்த ஐந்தும் இருந்தால் அந்தப் பக்கம் கேள்வி கேட்பவர் முன் தானாக நிற்கும். எது சரியாக வரவில்லை என்பதை எழுதப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். அதை எழுதலாம் என்று ஆசிரியர்தான் தைரியம் கொடுக்க வேண்டும்.

திறன் பேட்ஜுகளின் தேதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சமையல், சைக்கிள், தோட்டக்கலை, முதலுதவி என்று நான்கு பேட்ஜும் ஒரே நாளில், ஒரே கையெழுத்தில் இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஒவ்வொன்றையும் அந்தத் தொழில் தெரிந்தவரிடம் தேர்வு வையுங்கள். தோட்டக்கலைக்கு வேளாண்மை அலுவலர், முதலுதவிக்கு மருத்துவரோ செவிலியரோ, சைக்கிளுக்குப் பஞ்சர் கடைக்காரர். பஞ்சர் ஒட்டத் தெரியுமா என்பதை அவரைவிட யார் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்?

கயிறும் கழியும்

பாடப் புத்தகங்களில் மூங்கில் படம்தான் இருக்கும். கடலூர்க் கடற்கரைப் பக்கம் மலிவாகக் கிடைப்பது சவுக்கு. நேராக இருக்கும், கனமும் கையாளத் தகுந்தது, கட்டு வழுக்காது. ஆனால் பச்சைச் சவுக்கைப் பட்டையோடு கட்டினால் இரண்டு நாளில் பட்டை காய்ந்து கழன்று, இறுக்கிக் கட்டிய கட்டு உள்ளே ஆடத் தொடங்கும். முதல் நாள் ஆட்டிப் பார்த்து உறுதியாக இருந்த தட்டு அடுக்கும் மேடை மூன்றாம் நாள் தேர்வாளர் கை வைத்ததும் சாய்வதற்குக் காரணம் இதுதான். கட்டு விழும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்காவது பட்டையை உரித்துவிட்டுக் கட்டுங்கள். மூங்கில் என்றால் கணுவை ஒட்டிக் கட்டினால் கயிறு நகராது.

கயிறு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. சேரும் இரண்டு கழிகளின் விட்டத்தையும் அங்குலத்தில் கூட்டுங்கள். ஒரு அங்குலத்துக்கு ஒரு மீட்டர் கயிறு. இரண்டு அங்குலக் கழிகள் இரண்டு என்றால் 4 மீட்டர். நைலான் கயிறு முடிச்சில் நழுவும், தென்னை நார்க் கயிறு கையைக் கிழிக்கும், பனியில் நனைந்தால் நீளமும் மாறும். 6 முதல் 8 மில்லிமீட்டர் கனமுள்ள பருத்தி அல்லது சணல் கயிறு போதும். வாங்கிய அன்றே இரு முனைகளையும் நூலால் சுற்றிக் காப்புக் கட்டிவிடுங்கள். அந்த வேலையும் பாடத்தில் இருப்பதுதான். பிரிந்த முனையோடு கயிற்றை நீட்டும் பிள்ளைக்கு முடிச்சு தெரிந்தாலும் மதிப்பு குறையும்.

நிற்கும் கழியோடு குறுக்குக் கழியைச் சேர்க்கும் சதுரக் கட்டு எளிது என்று நினைத்து எல்லோரும் அவசரப்படுகிறார்கள். குறுக்குக் கழிக்குச் சற்றுக் கீழே, நிற்கும் கழியில் குளோவ் ஹிட்ச் என்ற முடிச்சைப் போட்டுத் தொடங்க வேண்டும். மிஞ்சிய குட்டை முனையை நீள முனையோடு முறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் தொடக்க முடிச்சே சுழலும். பிறகு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கயிறு ஒரு கழியில் முந்தைய சுற்றுக்கு உள்ளேயும் மற்றக் கழியில் வெளியேயும் படிய வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. அதன் பிறகு இரு கழிகளுக்கும் இடையில் புகுந்து இரண்டு அல்லது மூன்று இறுக்கச் சுற்று. கட்டின் உயிர் இந்த இறுக்கச் சுற்றில்தான் இருக்கிறது. கையால் இழுத்தால் போதாது. ஒரு குச்சியில் கயிற்றைச் சுற்றி, காலைக் கழியில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். முடிவு குளோவ் ஹிட்ச் குறுக்குக் கழியில் விழும். மூலைவிட்டக் கட்டு டிம்பர் ஹிட்ச் என்ற முடிச்சில் தொடங்கும். இரண்டு கழியும் விலகி நிற்கும் இடத்தில் அவற்றை இழுத்துச் சேர்ப்பது அதன் வேலை. சதுரக் கட்டுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டால் பிள்ளைகள் கட்டும் முறையைச் சொல்வார்கள். எதற்காக எது என்பதையும் சொல்லிப் பழக்குங்கள்.

முக்காலிக்கு எட்டு வடிவக் கட்டு. மூன்று கழியையும் தரையில் பக்கத்தில் பக்கமாகப் படுக்க வைத்து, நடுக் கழியின் அடி மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்க, ஐந்தாறு முறை பின்ன வேண்டும். இங்கே அதிக இறுக்கம் ஆகாது. இறுகினால் கால்களை விரிக்க முடியாது, விரித்தால் கழி விரிசல் விடும். எவ்வளவு தளர்வு என்பது புத்தகத்தில் வராது. பத்து முறை கட்டிப் பிரித்தால் கைக்கு வரும். ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் பௌலைன் முடிச்சைப் போடுகிற அளவுக்கு வந்தால்தான் முகாம் மேடையில் கை நடுங்கினாலும் முடிச்சு விழும்.

திசை, தூரம், உயரம்

கடல் கிழக்கில் இருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்குத் திசை பற்றி ஒரு பொய்யான தைரியம் இருக்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து பார்த்தால் எப்போதும் கடல் கிழக்கே. அலைச் சத்தமே திசைகாட்டி. வெளி மாநில முகாமில் கடல் இல்லை, தெரிந்த கோபுரம் இல்லை. அங்கே காம்பஸை மட்டும் நம்பிப் பழகாதவர்கள் தடுமாறுகிறார்கள். அதனால் பயிற்சியைக் கடற்கரையில் வைக்காதீர்கள். கேப்பர் மலைப் பக்கம் செம்மண் மேட்டில், கடல் கண்ணில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். காம்பஸைப் பிடிக்கும்போது சட்டைப் பையில் கைப்பேசி, கையில் எஃகுத் தண்ணீர்க் குப்பி, வயிற்றுக்கு நேராகப் பிடித்தால் பெல்ட்டின் உலோகக் கொக்கி, மூன்றும் முள்ளை இழுக்கும். மின்கம்பிக்கு அடியிலும் நிற்கக் கூடாது. நான்கு இலக்கம், ஆறு இலக்கம் எதுவானாலும் வரைபடக் குறியீட்டில் முதலில் கிழக்கு நோக்கிய எண், பிறகு வடக்கு நோக்கிய எண். 1:50,000 வரைபடத்தில் ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். அதைப் பத்தாகப் பிரித்தால் ஆறு இலக்கக் குறியீடு 100 மீட்டருக்குள் இடத்தைக் காட்டும்.

காம்பஸ் இல்லாமல் திசை காணும் பாடத்தில் இங்கிலாந்துப் புத்தகங்களைப் பார்த்து எழுதியதை அப்படியே சொல்லித் தருகிறோம். அது நம் ஊருக்குப் பொருந்தாத இடங்கள் உண்டு. கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனை நோக்கிப் பிடித்து, முள்ளுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே தெற்கு என்று சொல்வார்கள். கடலூர் ஏறத்தாழ 11.75 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிப்பொழுதில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. கோடை முகாமில் அந்தக் கடிகார முறை தலைகீழாகப் போகும். நிழல்குச்சி முறை எல்லா மாதமும் வேலை செய்யும். ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு நிழல் நுனியில் கல் வையுங்கள், இருபது நிமிடம் கழித்து மறு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. உச்சிப்பொழுதை ஒட்டிச் செய்யுங்கள், அதிலிருந்து விலக விலகப் பிழை பெருகும்.

துருவ நட்சத்திரமும் அப்படித்தான். ஓரிடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் அது தெரியும். நமக்கு அடிவானத்திலிருந்து பன்னிரண்டு டிகிரி மட்டும். நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறக்குறைய பத்து டிகிரி. அதற்குச் சற்று மேலே தேடினால் போதும். தென்னந்தோப்பும் கடலோரப் புகைமூட்டமும் அதைப் பாதி நாள் மறைத்துவிடும். ஏப்ரல், மே மாலைகளில் சப்தரிஷி மண்டலம் வடக்கே உயர நிற்கும், அதைக் கொண்டு துருவத்தைப் பிடிக்கலாம். நவம்பர் முன்னிரவில் சப்தரிஷி அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும், கசியோப்பியாவைத்தான் தேட வேண்டும். எல்லாவற்றிலும் எளிது ஓரியனின் இடைவார் மூன்று நட்சத்திரம். அது கிட்டத்தட்ட நேர்க் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது.

ஆற்றின் அகலம் காண கெடிலக் கரையைப் போல வசதியான இடம் இல்லை. எதிர்க்கரையில் ஒரு பனைமரத்தைக் குறி வைத்து அதற்கு நேராக நில்லுங்கள். கரையோரமாகச் செங்கோணத்தில் 30 அடிவைப்பு நடந்து ஒரு குச்சி, அதே நேரில் இன்னும் 30 அடிவைப்பு நடந்து நில்லுங்கள். இப்போது ஆற்றுக்கு முதுகு காட்டிச் செங்கோணத்தில் நடந்துகொண்டே திரும்பிப் பாருங்கள். குச்சியும் பனையும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் நிறுத்தினால், கடைசியாக நடந்த தூரமே ஆற்றின் அகலம். இதற்கு உங்கள் அடிவைப்பின் நீளம் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் அளந்து மூன்று முறை நடந்து சராசரி எடுத்து வையுங்கள். பன்னிரண்டு வயதில் எடுத்த கணக்கைப் பதினைந்து வயதில் சொல்லக் கூடாது. கால் வளர்ந்திருக்கும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உயரம் காணப் பென்சில் முறை. மரத்தடியில் நிற்கும் நண்பனின் உயரத்தைப் பென்சிலில் குறித்து, மரம் அதில் எத்தனை மடங்கு என்று எண்ணுவது. முழங்கை மடங்கினாலும், மரத்துக்கு மிக அருகில் நின்றாலும் பிழை வரும். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரமாவது தள்ளி நில்லுங்கள்.

நடைப்பயண மூட்டையின் எடை பிள்ளையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 40 கிலோ பிள்ளைக்கு 8 கிலோ, அதில் தண்ணீரே 2 லிட்டர்.

சமையல்

அணிச் சமையலில் அளவு தெரியாமல் கெடுவதே அதிகம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு அரிசி 125 கிராம், துவரம்பருப்பு 40 கிராம் என்று கணக்கிட்டால் 8 பேர் அணிக்கு ஒரு கிலோ அரிசி, முந்நூற்றுச் சொச்சம் பருப்பு. பருப்பை விறகடுப்பில் திறந்த பாத்திரத்தில் வேக வைக்க வேண்டும் என்பதை வீட்டில் குக்கரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். அரைமணி முன்னதாக ஊற வைக்காவிட்டால் சோறு ஆறிய பிறகும் பருப்பு வேகாது. உப்பையும் புளியையும் பருப்பு மசிந்த பிறகு சேருங்கள். தீ மூட்ட மண்ணெண்ணெய் வேண்டாம். தென்னம்பன்னாடை, காய்ந்த பனையோலைச் சுருள், அதன்மேல் விரல் கனச் சவுக்குச் சுள்ளி, பிறகு விறகு. பயிற்சியில் இரண்டே தீக்குச்சி கொடுத்துப் பழக்குங்கள். பள்ளத்து அடுப்பு வெட்டினால் வாய் காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். கோடையில் பிற்பகல் ஆனால் கடற்காற்று திரும்பும், காலையில் வெட்டிய அடுப்பு மதியம் புகையும். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் களிமண் பூசி ஏற்றினால் கரி எளிதில் போய்விடும். சமையல் முடிந்தபின் அடுப்புப் பள்ளத்தை மூடி, மேல்மண்ணைப் பழையபடி பரப்பிய பிறகே மதிப்பெண் முழுமையாகும்.

முதலுதவி

முதலுதவிக்கு மிகுதியாக நேரம் ஒதுக்குங்கள். மேல் படிகளில் கேள்வி திரும்பத் திரும்ப வருவது ஒரு காரணம். இந்தக் கரையோரத்தில் அது நிஜமாகவே தேவைப்படும் என்பது பெரிய காரணம். பழைய கையேடுகளில் குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் செயற்கைச் சுவாச முறைகள் இன்னும் படத்தோடு இருக்கின்றன. அவற்றை ஒதுக்கிவிடுங்கள். இன்று கற்க வேண்டியது மார்பு நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், பெரியவருக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். தண்ணீரில் மூழ்கியவருக்கு மட்டும் மூச்சுக் கொடுப்பதில் தொடங்க வேண்டும். மூழ்குகிறவரைக் கண்டால் பிள்ளை கடலில் குதிக்கக் கூடாது. கழியை நீட்டு, கயிற்றை வீசு, மிதக்கும் காலி கேனை எறி, பெரியவர்களைக் கூப்பிடு. இந்த வரிசையை உறுதிமொழியைப் போல மனப்பாடம் ஆக்குங்கள்.

முந்திரித் தோப்பும் நெல்வயலும் உள்ள மாவட்டத்தில் பாம்புக்கடி தெரியாத சாரணர் இருக்கக் கூடாது. கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல் மட்டையோடு சேர்த்து அசையாமல் கட்டி, மோதிரம், கொலுசு கழற்றி, நடக்க விடாமல் தூக்கிப் போய் 108-இல் ஏற்ற வேண்டும். கடித்த நேரத்தைத் தாளில் எழுதி அனுப்புங்கள். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும், வலியும் வீக்கமும் பெரிதாக இருக்காது. "ஒன்றும் இல்லையே" என்று விட்டுவிடுவதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. முகாமில் கட்டிலோ கொசுவலையோ இல்லாமல் படுக்க வைக்கும் ஆசிரியர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கட்டுகளைப் பொறுத்தவரை ஒரு மீட்டர் சதுரத் துணியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு முக்கோணக் கட்டு. கைத்தொட்டிலில் உள்ளங்கை முழங்கையைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும், ரீஃப் முடிச்சு தோள் எலும்பின் மேல் விழாமல் கழுத்துக் குழியில் உட்கார வேண்டும். கட்டி முடித்ததும் நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம். இதை மட்டும் பெரும்பாலான பிள்ளைகள் மறக்கிறார்கள், தேர்வாளர்கள் அதையே கவனிக்கிறார்கள். வயிற்றுப்போக்குக்கு 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் கெடுதல், ருசி கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது.

சேவைத் திட்டம்

மரக்கன்று நட்டுப் படமெடுத்து ஒட்டுவது எல்லாக் குறிப்பேட்டிலும் இருக்கிறது. கன்று என்ன ஆயிற்று என்ற கேள்விக்குத்தான் பதில் இருப்பதில்லை. நம் கடற்கரைக்குப் பனைவிதை நல்ல தேர்வு. ஆவணி வாக்கில் பழம் விழும், செலவில்லை, அணி முழுக்க வேலை செய்யலாம். பத்தடிக்கு ஒன்றாக ஏரிக்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் ஊன்றுங்கள், உரிய இடத்தில் ஊராட்சி அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு. பனை முதலில் கீழ்நோக்கித்தான் வளரும். மாதக்கணக்கில் மேலே ஒன்றும் தெரியாததால் பிள்ளைகள் முளைக்கவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொரு இடர், தை மாதத்தில் கிழங்குக்காகத் தோண்டுகிறவர்கள். ஊன்றிய இடத்தில் சிறு பலகை வைத்து ஊரில் சொல்லிவைத்தால் பாதி பிழைக்கும். ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று எண்ணிக்கை எடுத்து, செத்ததையும் சேர்த்து எழுதுங்கள். ராஷ்ட்ரபதிக்கான 12 மாதத்துக்கு இது சரியாகப் பொருந்துகிறது.

புயல் முன்னேற்பாடு இதைவிடப் பெரிய வேலை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்தது. ஒரு அணி ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, தனியாக இருக்கும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், மேட்டில் உள்ள கட்டடம், அங்கே போகும் மாற்று வழி ஆகியவற்றைக் கையால் வரைந்த வரைபடத்தில் குறிக்கலாம். செப்டம்பருக்குள் முடித்து ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் ஒரு பிரதி ஒட்டுங்கள். வரைபடப் பாடமும், சேவையும், ஊருக்குப் பயனும் ஒன்றாகச் சேரும் வேலை இது. மழை தொடங்கிய பிறகு பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பக் கூடாது. வெள்ளத்தில் பணி செய்வது பெரியவர்களுடைய பொறுப்பு.

தேர்வு முகாம்

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மொழிதான் பயம். கேள்வி ஆங்கிலத்திலோ இந்தியிலோ வரலாம். முழுப் பதிலையும் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வைத்தால் நடுவில் ஒரு சொல் மறந்ததும் பிள்ளை நின்றுவிடும். கயிறு, கட்டு, காயம், திசை, வரைபடம் சார்ந்த அறுபது எழுபது சொற்களை மட்டும் பொருளோடு பழக்கி, "செய்து காட்டட்டுமா?" என்று ஒரு வாக்கியம் சொல்லக் கற்றுக்கொடுங்கள். கை பேசிவிடும். இறைவணக்கப் பாடலையும் கொடிப்பாடலையும் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும்போது ககரமும் தகரமும் குழம்பும். ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் பாடப் பழக வேண்டும். தேசிய கீதம் 52 விநாடி, கடிகாரம் வைத்துப் பாடிப் பாருங்கள்.

சீருடையில் சாம்பல் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் வளரும் பிள்ளைக்கு ஓராண்டில் குட்டையாகிவிடும். முகாமுக்கு இரண்டு மாதம் முன்பே போட்டுப் பார்த்து, சின்னங்களைப் புதுச் சட்டையில் மாற்றித் தைத்துவிடுங்கள். கழுத்துத் துணியைச் சுருட்டுவதில் காட்டும் கவனத்தைக் காலணி நாடாவில் காட்டாமல் விடுகிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் பெற்றோர் பின்வாங்கும் நேரம் வரும். அவர்களிடம் இனிப்பாகப் பேசாமல் விவரமாகப் பேசுங்கள். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், ஆண்டுக்கு இரண்டு முகாம் என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டுப் பணியிடங்களுக்கு ராஷ்ட்ரபதி விருது ஒரு தகுதி என்பதையும் சொல்லலாம். அதோடு, விண்ணப்பிக்கும் காலம் வரை ஐந்து ஆண்டு தொடர்ந்து இயக்கத்தில் செயல்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளியை விட்டதும் பதிவைக் கைவிடுகிற பிள்ளைகள் விருது கையில் இருந்தும் அங்கே வெளியே நிற்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அதே கோடையில் திரிசாரணர் குழுவில் பெயரைச் சேர்த்துக் கட்டணம் செலுத்திவிடுங்கள்.

குடியரசுத் தலைவரின் கையொப்பத்தோடு சான்றிதழ் வர மாதங்கள் ஆகும். வந்ததும் லேமினேட் செய்துவிடாதீர்கள், சரிபார்ப்பில் மூலத்தாளைத் தொட்டுப் பார்ப்பார்கள். கடலூர் உப்புக்காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் ஒரு மழைக்காலத்துக்குள் துருவேறித் தாளைத் தின்றுவிடும். குறிப்பேட்டையும் சான்றுகளையும் நூலால் தைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள்.